வேர்ட்பாட் எண்டு ஒண்டு இருந்தது

“ரீச்சர், அடியில ஒண்டையும் காணேல்லை.”

புஷ்பராணி அக்கா இதைச் சொன்னபோது நான் தேநீர்க் கோப்பையை வாயருகே கொண்டு போயிருந்தேன். காலையிலிருந்து செய்த வேலை ஒரு வழியாக முடிந்தது என்ற நிம்மதியில் எடுத்த தேநீர் அது. அன்று அதை நான் குடிக்கவேயில்லை.

தீவுப் பகுதியில் கணினி திருத்தும் வேலைக்கு நான் வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. அதற்கு முன் ஊர்காவற்றுறையில் சிறிய கணினி வகுப்பு ஒன்று நடத்தினேன். அதனால் இன்றைக்கும் எல்லோருக்கும் நான் ‘ரீச்சர்’தான். வேலணை, சுருவில் என்றால் பஸ். நயினாதீவு, நெடுந்தீவு என்றால் குறிகட்டுவானில் படகேற வேண்டும். உப்புக்காற்றில் துருப்பிடித்த கணினி, உள்ளே பல்லி முட்டையிட்ட கணினி, மீன்குழம்பு ஊற்றுப்பட்ட கீபோர்ட் எல்லாம் பார்த்திருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் வைரஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வைரஸால் எனக்கு வந்த தலையிடி கொஞ்சம். புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் பழையதில் இருந்த ஏதாவது ஒன்றைப் பிடுங்கி விடுகிறார்களே, அதனால் வந்த தலையிடிதான் அதிகம். அதில் ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

பத்திலிருந்து பதினொன்று

புஷ்பராணி அக்கா ஊர்காவற்றுறையில் ஒரு மீனவர் சங்கத்தின் செயலாளர். சங்கத்தின் பெயரை எழுதவில்லை. அவர்கள் என்னோடு இன்னும் நல்ல மாதிரி. தலைவர் மரியதாஸ் அண்ணை. வள்ளத்தில் போய் வந்தவர். முழங்கால் ஒத்துக்கொள்ளாமல் போனபின் கரையில் இருந்து சங்கத்தை நடத்துகிறார். கடலில் கத்திப் பழகிய குரல் என்பதால் போனில் பேசும்போது அவருக்குப் போன் தேவையில்லை.

விண்டோஸ் பத்துக்கு இனிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது, எல்லாக் கணினியையும் பதினொன்றுக்கு மாற்றுங்கள் என்று மேலிடத்திலிருந்து சங்கங்களுக்குச் சுற்றறிக்கை வந்திருந்தது. மற்றச் சங்கங்கள் அதைக் கோப்புக்குள் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தன. மரியதாஸ் அண்ணைக்கு மட்டும் அவசரம். காரணம், அந்தக் கணினியைச் சங்கத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்த சவிரிமுத்து அண்ணை கனடாவிலிருந்து ஊருக்கு வந்திருந்தார். மறுநாள் காலை சங்கத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

“ரீச்சர், கனடாவில எல்லாரும் இப்ப பதினொண்டாம். நாங்கள் பத்தை வச்சுக்கொண்டிருந்தா மனுசன் என்ன நினைக்கும்? குடுத்ததை வடிவாப் பாவிக்கேல்லை எண்டெல்லே நினைக்கும்,” என்று எனக்குப் போன் எடுத்தார்.

அந்தக் கணினியை நான் அதுவரை தொட்டதில்லை. சவிரிமுத்து அண்ணையின் மருமகன் ஒருவன் பார்த்து வந்தான். அவன் பிரான்ஸுக்குப் போய்விட்டான். நான் போனபோது மேசை பளிச்சென்று துடைத்திருந்தது. மொனிட்டருக்கு முன்னால் அதன் முழு நீளத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டி. சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கள் திரையின் அடிப்பகுதியை மறைத்து நின்றன. பூவில் ஆசைப்பட்ட மனுசி என்று நினைத்துக்கொண்டேன்.

திறந்து பார்த்தால் டாஸ்க்பார் திரையின் உச்சியில் இருந்தது. ஸ்டார்ட் பொத்தான், திறந்திருக்கும் வேலைகள், மணிக்கூடு எல்லாம் வரிசையாகத் தெரியும் நீளப் பட்டியைத்தான் டாஸ்க்பார் என்கிறோம். வழக்கமாக அது அடியில் இருக்கும். பத்து வரைக்கும் அதைப் பிடித்து இழுத்து மேலேயும் வைக்கலாம், இரண்டு பக்கமும் வைக்கலாம். சிலருக்கு மேலே இருந்தால்தான் பிடிக்கும். இவரும் அப்படியாக்கும் என்று விட்டுவிட்டேன். கணினி பதினொன்றைத் தாங்கும் வகைதான். பென் டிரைவைக் குத்தி வேலையைத் தொடங்கினேன். அது தானாக நின்று, தானாக எழும்பி, சதவீதம் காட்டிக் காட்டி மத்தியானம் தாண்டி முடிந்தது. நீல நிறத்தில் பூப்போல மடிந்த புதுப் படம் திரையில் வந்ததும் மரியதாஸ் அண்ணை கைதட்டினார். சவிரிமுத்து அண்ணைக்கு அந்த இடத்திலேயே வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பினார்.

“அண்ணை, நாளைக்கு வாங்கோ. உங்கட கொம்பியூட்டரைப் பதினொண்டாக்கிப் போட்டம்!”

அப்போதுதான் புஷ்பராணி அக்கா அடியில் ஒன்றையும் காணவில்லை என்றார்.

பூந்தொட்டிக்குப் பின்னால்

“அடியிலதான் இருக்கும் அக்கா, பூ மறைக்குது,” என்று சொல்லிக்கொண்டே நான் பூந்தொட்டியைத் தூக்கினேன்.

“எடுக்காதேங்கோ!” என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

எடுத்துவிட்டேன். திரையின் அடியில், ஒரு கரையிலிருந்து மறுகரை வரை, ஒரு விரலகலத்துக்குக் கன்னங்கரேலென்று ஒரு பட்டை. அந்த இடத்தில் திரை செத்துப்போயிருந்தது. விண்டோஸ் பதினொன்று தன் டாஸ்க்பாரைக் கொண்டுபோய்ச் சரியாக அந்தக் கறுப்புக்குள் வைத்திருந்தது.

“இது எப்ப நடந்தது?”

மரியதாஸ் அண்ணை யன்னலைப் பார்த்தார். புஷ்பராணி அக்கா மரியதாஸ் அண்ணையைப் பார்த்தார். பிறகு அக்காதான் சொன்னார். சங்கத்து உறுப்பினர் ஒருவருக்கு, வள்ளத்தின் எஞ்சினைத் திருத்தித் தந்தவரோடு சண்டை. சாட்சிக்கு, தண்ணீருக்குள் சுற்றுகிற அந்த எஞ்சின் காற்றாடி வளைந்துபோனதையே கழற்றிக்கொண்டு வந்து தலைவருக்குக் காட்ட இந்த மேசையில் நிறுத்தினாராம். அது நிற்காமல் மொனிட்டரில் சாய்ந்ததாம்.

“அப்ப டாஸ்க்பாரை மேல ஏத்தினது?”

“நான்தான், ரீச்சர். பிடிச்சு இழுத்துப் பாத்தனான், மேல போயிட்டுது. அதோட ஒரு கரைச்சலும் இல்லை. வேலையெல்லாம் ஓடினது.”

“சவிரிமுத்து அண்ணைக்குச் சொல்லேல்லையோ?”

மரியதாஸ் அண்ணை தொண்டையைச் செருமினார். “ஒவ்வொரு நத்தார்ப் பெருநாளுக்கும் போன் எடுத்துக் கேக்கும், கொம்பியூட்டர் எப்பிடி எண்டு. புதுசு மாதிரியே இருக்கு அண்ணை எண்டு சொல்லிப்போட்டன். ஒருக்காச் சொன்னா பிறகு மாத்திச் சொல்ல ஏலாதெல்லே. தன்ர செத்துப்போன மனிசியின்ர ஞாபகத்துக்குத் தந்த சாமான், ரீச்சர். காத்தாடி விழுந்ததெண்டு என்னெண்டு சொல்லுறது?”

சரி, பட்டியை மேலே ஏற்றிவிடுவோம் என்று நான் செட்டிங்ஸுக்குள் போனேன். டாஸ்க்பாரின் சின்னங்களை நடுவில் வைக்கலாம், இடப்பக்கம் ஒதுக்கலாம் என்று இருந்தது. மேலே வைக்க வழியே இல்லை. பிடித்து இழுத்துப் பார்த்தேன். வலது பொத்தானை அழுத்திப் பார்த்தேன். நான் போட்ட அந்தப் பதிப்பில் அந்த வசதியையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

“எடுத்துப்போட்டினமோ? ஆர்?” என்றார் மரியதாஸ் அண்ணை.

“விண்டோஸ் செய்யிற கொம்பனி.”

“ஏனாம்?”

“கனபேர் பாவிக்கிறேல்லை எண்டு எடுத்திருப்பினம், அண்ணை.”

“நாங்கள் பாவிச்சனாங்கள்தானே! எங்களிட்ட ஒரு சொல்லுக் கேட்டவையோ?” அவர் குரலுக்கு இறங்குதுறையில் நின்றவர்களும் திரும்பியிருப்பார்கள்.

வெளியார் செய்த சின்ன மென்பொருள் சில இருக்கின்றன. அவற்றைப் போட்டால் பட்டி மேலே போகும். ஆனால் அனுமதியில்லாத எதையும் நிறுவக்கூடாது என்று சுற்றறிக்கையில் இருந்தது. “திரும்பப் பத்துக்கே போவம். இப்ப போகலாம், ஒண்டும் அழியாது,” என்றேன். மரியதாஸ் அண்ணை போனைத் தூக்கிக் காட்டினார். குரல்பதிவுக்குப் பக்கத்தில் இரண்டு நீலக் கோடுகள். சவிரிமுத்து அண்ணை கேட்டுவிட்டார். கூடவே ஒரு கைகூப்பும் படமும் அனுப்பியிருந்தார்.

“வேற மொனிற்றர் ஒண்டைக் கொண்டுவந்து வைப்பமோ?” என்று கேட்டேன்.

“ரீச்சர், மனுசன் வாறதே இந்த மொனிற்றரைப் பாக்கத்தான்.”

புஷ்பராணி அக்கா இதற்கிடையில் மௌனமாக மவுஸை அங்கும் இங்கும் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் முகம் ஒரு மாதிரிப் போயிற்று.

“ரீச்சர், நாளைக்கு வாசிக்கிற வரவேற்புரை இதுக்கைதான் இருக்கு. திறக்குதில்லை. எதால திறக்கிறதெண்டு என்னட்டைக் கேக்குது.”

“எதில அடிச்சனீங்கள்?”

“வேர்ட்பாட்டில. எல்லாம் வேர்ட்பாட்டிலதான் அடிக்கிறனான். கூட்ட அறிக்கை, கடிதம், எல்லாம்.”

விண்டோஸோடு எப்போதும் இலவசமாகக் கூடவே வந்துகொண்டிருந்த எழுது பலகை அது. நோட்பாட்டை விடக் கொஞ்சம் வசதி, பெரிய வேர்ட்டை விடக் கொஞ்சம் எளிமை. புதிய பதிப்பில் அதையும் எடுத்துவிட்டார்கள். பத்திலிருந்து மாறினால், இருந்த வேர்ட்பாட்டும் கூடவே போய்விடும்.

“அதையும் எடுத்துப்போட்டினம், அக்கா.”

புஷ்பராணி அக்கா ஒரு கையை நெஞ்சில் வைத்தார். “அப்ப நான் அடிச்சதெல்லாம்?”

“அதொண்டும் போகேல்லை. திறக்கிற சாமான்தான் இல்லை. வேற ஒண்டு போட்டுத்தாறன்.”

என் பையில் எப்போதும் ஒரு இலவச எழுத்து மென்பொருள் இருக்கும். அது சுற்றறிக்கையில் அனுமதித்த பட்டியலில் இருந்தது. அதை நிறுவி, அவருடைய கோப்புகளை அதில் திறக்கும்படி வைத்தேன். வரவேற்புரை வந்தது. ‘கடல் கடந்தும் கரையை மறவாத’ என்று தொடங்கியது. புஷ்பராணி அக்கா திரைக்குச் சிலுவை போட்டார்.

ஒரு பிரச்சினை முடிந்தது. கறுப்புப் பட்டை அப்படியே இருந்தது.

தலைகீழ்

மரியதாஸ் அண்ணை மேசையில் கன்னத்தை வைத்துச் சாய்ந்து கறுப்புக்குள் எதாவது தெரிகிறதா என்று பார்த்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து கீழிருந்து மேலே பார்த்தார்.

“உதுக்குள்ள ஒண்டும் தெரியாது. தலைகீழா நிண்டாலும் தெரியாது,” என்றார்.

அவர் சொன்னது அலுப்பில். எனக்கு அது வழியாகப் பட்டது. மொனிட்டரைத் தலைகீழாக வைத்தால் கறுப்புப் பட்டை மேலே போய்விடும். திரையில் வரும் படத்தையும் தலைகீழாகத் திருப்ப விண்டோஸில் ஒரு வசதி உண்டு. நல்ல காலம், அதை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

செட்டிங்ஸில் படத்தைத் திருப்பினேன். எல்லாம் குப்புற விழுந்தது. ‘இந்த மாற்றத்தை வைத்திருக்கவா?’ என்று ஒரு பெட்டி கேட்டது. சில வினாடிக்குள் ‘ஓம்’ என்று அழுத்தாவிட்டால் பழையபடி ஆகிவிடும். ஆனால் படம் தலைகீழ் என்றால் மவுஸும் தலைகீழ். வலப்பக்கம் தள்ளினால் அம்பு இடப்பக்கம் ஓடுகிறது. மேலே தள்ளினால் கீழே. நான் துரத்த அது ஓட, நேரம் முடிந்து படம் நிமிர்ந்துவிட்டது. மறுபடி திருப்பினேன். மறுபடி தப்பி ஓடியது.

“நண்டு பிடிக்கிற மாதிரிப் பிடிக்கவேணும், பின்னால போய்,” என்றார் மரியதாஸ் அண்ணை.

“நீங்கள் கதைக்காமல் மொனிற்றரைத் தூக்குங்கோ, அண்ணை!”

அவர் ஒரு பக்கம், புஷ்பராணி அக்கா மறுபக்கம். நான் படத்தைத் திருப்பியதும் இருவரும் மொனிட்டரைத் தலைகீழாகப் பிடித்தார்கள். வயர் புஷ்பராணி அக்காவின் கழுத்தைச் சுற்றியது. மொனிட்டரின் கால் மரியதாஸ் அண்ணையின் மூக்குக்கு நேரே நின்றது. “கெதியா, ரீச்சர், கெதியா!” என்று அவர் கத்த, நான் ‘ஓம்’ஐ அழுத்தினேன். படம் நின்றது. அடியில், வெளிச்சமான இடத்தில், டாஸ்க்பாரும் மணிக்கூடும் ஸ்டார்ட் பொத்தானும் வரிசையாகத் தெரிந்தன. மூவரும் ஆளையாள் பார்த்துச் சிரித்தோம்.

பிறகுதான் யோசித்தோம், இதை எதில் நிறுத்துவது என்று. கால் இப்போது உச்சியில். அதைக் கழற்றினால் திரை மட்டும் மிச்சம், தானாக நிற்காது. மரியதாஸ் அண்ணை வெளியே போய் நைலோன் கயிறு கொண்டுவந்தார். காலைக் கழற்றி, மேசையை யன்னலோடு ஒட்டி நகர்த்தி, திரையை யன்னல் கம்பியோடு சேர்த்து நாலு மூலையிலும் கட்டினார். கட்டிவிட்டு இழுத்துப் பார்த்தார். யன்னல் அசைந்தது, மொனிட்டர் அசையவில்லை.

“எந்தச் சோளகக் காத்துக்கும் அசையாது,” என்றார்.

கறுப்பு மேலே போனதால் இன்னொரு தொந்தரவு இருந்தது. முழுத்திரையாகத் திறந்தால் மூடுகிற பெருக்கல் குறி கறுப்புக்குள் போய்விடும். முழுத்திரை ஆக்காமல் கொஞ்சம் கீழே இழுத்து வைக்கும்படி புஷ்பராணி அக்காவுக்குக் காட்டினேன். அவர் உடனே பிடித்துக்கொண்டார். எல்லாம் சரி என்று பையை எடுத்தேன்.

“ஐயோ, அக்காவைப் பாருங்கோ,” என்றார் புஷ்பராணி அக்கா.

மொனிட்டரின் கீழ்ச் சட்டத்தில் ஒரு சின்னப் பெயர்த்தகடு ஒட்டியிருந்தது. அவ்வளவு நேரமும் நாங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதை யாரும் கவனிக்கவில்லை. ‘அமரர் திரேசம்மா சவிரிமுத்து ஞாபகார்த்தமாக’ என்று எழுதி, பக்கத்தில் முத்திரையளவு படமும் இருந்தது. கீழ்ச் சட்டம் இப்போது மேலே. திரேசம்மா அக்கா தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

மரியதாஸ் அண்ணை மேசைக்கத்தியால் தகட்டைக் கிளப்பப் பார்த்தார். வராது. எதைப் போட்டு ஒட்டினார்களோ, சட்டம் உடைந்தாலும் தகடு வராது போலிருந்தது. கடைசியில் புஷ்பராணி அக்கா பூந்தொட்டியிலிருந்து ஒரு கொத்தை முறித்து, கயிற்றில் செருகி, தகட்டின் மேல் தொங்கவிட்டார். பார்த்தால் ஏதோ பெருநாளுக்குச் சோடித்த மாதிரி இருந்தது.

“நாளைக்கு நீங்களும் வாங்கோ, ரீச்சர்,” என்றார் மரியதாஸ் அண்ணை. முதல் தடவையாக மெல்லிய குரலில் சொன்னார்.

கனடாக்காரர்

சவிரிமுத்து அண்ணை நான் நினைத்த மாதிரி இல்லை. வெள்ளைச் சப்பாத்து, கறுப்புக் கண்ணாடி, பெரிய பேச்சு என்று எதிர்பார்த்தேன். வந்தவர் மெலிந்த மனிதர். ஒரு தோள்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். சொல்லிவிட்டு, சொன்னது சரியோ என்று யோசிப்பவர் போல நின்றார்.

வரவேற்புரை முடிந்தது. ரோல்ஸும் தேநீரும் வந்தன. அவர் மொனிட்டர் பக்கம் திரும்பினார்.

“என்ன தாஸ், கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்கிறீர்? ஓடிப்போடுமோ?”

“காத்து, அண்ணை. சோளகம் அடிக்கேக்க விழுந்திடும்.”

யன்னலுக்கு வெளியே ஒரு இலைகூட அசையவில்லை.

“பதினொண்டு எண்டு சொன்னீர். வடிவா இருக்கு,” என்றவர் கிட்டப் போனார். “திரேசின்ர பேர் போட்ட தகடு ஒண்டு ஒட்டினது. எங்க அது?” பூங்கொத்தைப் பிடித்து விலக்கினார்.

அவர் தலையைச் சரித்தார். இன்னும் சரித்தார். தலை தோளில் முட்டும்வரை சரித்து மனைவியின் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

புஷ்பராணி அக்காவால் பொறுக்க முடியவில்லை. காற்றாடி விழுந்தது, டாஸ்க்பாரை மேலே ஏற்றியது, புதுசு மாதிரி என்று சொன்னது, பதினொன்று போட்டது, பட்டி கீழே விழுந்தது, மொனிட்டரைத் திருப்பியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்து, “அக்காவை அவமதிக்கவேணுமெண்டு செய்யேல்லை, அண்ணை,” என்று அழத் தொடங்கினார்.

சவிரிமுத்து அண்ணை தலையை நிமிர்த்தினார்.

“அழாதையும் பிள்ளை. அவள் உயிரோட இருக்கேக்கயும் நான் சொல்லுறதுக்கெல்லாம் தலைகீழாத்தான் நிண்டவள். பழகின சாமான்.”

மரியதாஸ் அண்ணை சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு ரோல்ஸை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். புஷ்பராணி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவமன்னிப்புக் கேட்டுப் பழகியவர் போல, மிச்சத்தையும் சொன்னார்: “வேர்ட்பாட்டையும் எடுத்துப்போட்டாங்கள், அண்ணை. உங்கட வரவேற்புரையே மயிரிழையில தப்பினது.”

சவிரிமுத்து அண்ணையின் முகம் மாறியது.

“என்னத்தை எடுத்தது?”

“வேர்ட்பாட்டை.”

“வேர்ட்பாட் எண்டு ஒண்டு இருந்ததோ?”

“இருந்தது, அண்ணை. நான் எல்லாம் அதிலதானே அடிச்சனான்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “பிள்ளைதானே கொம்பியூட்டர் ரீச்சர்? உண்மையா இருந்ததோ?”

“ஓம் ஐயா, இருந்தது. வருசக்கணக்கா இருந்தது. இப்ப புதுப் பதிப்பில எடுத்துப்போட்டினம்.”

அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். தோள்பையைத் திறந்து ஒரு லப்டொப்பை வெளியே எடுத்தார். சுற்றியிருந்த துவாயை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார்.

மனைவி போனபின் அவர் அதில், வேர்ட்பாட்டில், எழுதத் தொடங்கியிருந்தாராம். திரேசம்மா அக்காவைப் பற்றி, ஊரைப் பற்றி, இரண்டு பேரும் கனடா போய்ப் பட்ட பாடு பற்றி. ஒருநாள் கணினி தானாகப் புதுப்பித்துக்கொண்டது. மறுநாள், அதுவரை எழுதி வைத்தது திறக்கவில்லை. மகனைக் கேட்டார். “அப்பா, நீங்கள் வேர்ட்டைச் சொல்லுறீங்கள்,” என்று மகன் வேர்ட்டைத் திறந்தானாம். அது சந்தா கட்டச் சொன்னது. “அதில்லை, வேர்ட்பாட்,” என்று இவர் சொல்ல, மகன் கணினி முழுக்கத் தேடிவிட்டு, அப்படி ஒன்று இதில் இல்லையே அப்பா என்றானாம். அந்தப் பிள்ளை ஒருநாளும் அதைப் பாவித்திருக்க மாட்டான். இவர் திரும்பத் திரும்ப, “நீலக் கொப்பி மாதிரி ஒரு படம் இருக்கும்,” என்று சொன்னாராம். மகனும் மருமகளும் ஆளையாள் பார்த்துக்கொண்டார்களாம்.

“பிறகு என்னை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போச்சினம். மறதிக்கு. மணிக்கூட்டுப் படம் கீறச் சொன்னவர். கீறினனான். பின்னோக்கி எண்ணச் சொன்னவர். எண்ணினனான். எல்லாம் சரியாம். ஆனா எனக்கே நம்பிக்கை போட்டுது, பிள்ளை. இல்லாத ஒண்டை இருந்ததெண்டு நினைச்சனானோ, எழுதினதெல்லாம் மனசுக்கைதான் எழுதினனானோ எண்டு. சாகமுன்னம் ஒருக்கா ஊரைப் பாப்பம் எண்டுதான் வெளிக்கிட்டு வந்தனான்.”

நான் லப்டொப்பை வாங்கி, பென் டிரைவைக் குத்தி, முதல்நாள் புஷ்பராணி அக்காவுக்குப் போட்ட அதே மென்பொருளைப் போட்டேன். அவர் காட்டிய கோப்பை அழுத்தினேன். திரை நிறையத் தமிழ் எழுத்துகள் வந்தன. கீழே உருட்ட உருட்டப் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது.

சவிரிமுத்து அண்ணை கண்ணாடியைப் போட்டார். கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். முதல் வரியை உரத்து வாசித்தார்.

“‘திரேசம்மாவுக்குச் சமைக்கத் தெரியாது.’”

மரியதாஸ் அண்ணையின் வாயிலிருந்த ரோல்ஸ் வெளியே வந்தது. புஷ்பராணி அக்கா அழுதுகொண்டிருந்தவர் அப்படியே சிரிக்கத் தொடங்கினார். சவிரிமுத்து அண்ணையும் சிரித்தார். கண்ணீர் கன்னத்தில் ஓட ஓடச் சிரித்தார். திரும்பத் திரும்ப அதே வரியை வாசித்தார். “நான்தான் எழுதினனான். பாத்தியளே? நான்தான் எழுதினனான்.”

பிறகு போனை எடுத்தார். கனடாவில் அப்போது எல்லோரும் படுத்திருப்பார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை.

“தம்பி, இருந்ததடா! வேர்ட்பாட் எண்டு ஒண்டு இருந்தது! ஊர்காவற்றுறையில எல்லாருக்கும் தெரியும்! கொம்பனிதான் எடுத்தது, என்ர மண்டையில ஒண்டுமில்லை!”

மறுமுனையில் மகன் என்னவோ நித்திரைக் குரலில் கேட்டது எங்களுக்கும் கேட்டது. மரியதாஸ் அண்ணை போனை வாங்கி, “தம்பி, நான் சங்கத் தலைவர் கதைக்கிறன். அப்பா சொல்லுறது சரி. இருந்தது. நாங்கள் எல்லாரும் சாட்சி,” என்று தன் பழைய குரலில் முழங்கினார். முதல்நாள் மத்தியானம்வரை அவருக்கு வேர்ட்பாட் என்றால் என்னவென்றே தெரியாது.

சவிரிமுத்து அண்ணை மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பவில்லை. அந்த மேசையிலேயே இருந்து தான் எழுதியதை ஆரம்பத்திலிருந்து வாசித்தார். இடையிடையே, “ஓ, இதையும் எழுதினனானோ,” என்று தலையாட்டினார். அவர் போகும்போது, புது மொனிட்டர் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றார். புஷ்பராணி அக்கா வேண்டாம் என்றார். “இது இப்ப நல்லா வேலை செய்யுது, அண்ணை. அக்காவை மட்டும் நிமித்தி ஒட்டினாப் போதும்.” தகடு வரவில்லை என்பதால் அடுத்த கிழமை புதுத் தகடு ஒன்று செய்து பழையதன் மேல் ஒட்டினார்கள்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இரண்டு விசயம். முதலாவது, ஒரு கணினியை மாற்றுவதற்கு முன் அதைப் பாவிப்பவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக் கொஞ்ச நேரம் இருங்கள். அவர் கை முதலில் எங்கே போகிறது, எதைத் திறக்கிறது, ஏன் பட்டி மேலே இருக்கிறது என்று பாருங்கள். கனபேர் பாவிப்பதில்லை என்று எடுத்ததை, உங்கள் முன்னால் இருக்கும் அந்த ஒரு ஆள் தினமும் பாவித்துக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது, வயதான ஒருவர் வந்து, “பிள்ளை, இதில ஒண்டு இருந்தது, இப்ப காணேல்லை,” என்று சொன்னால் சிரிக்காதீர்கள். உங்களுக்குத் தெரியாது என்பதற்காக இல்லை என்றும் சொல்லாதீர்கள். முதலில் தேடுங்கள். பழைய பதிப்பில் என்னென்ன இருந்தன, எதை எப்போது எடுத்தார்கள் என்று படித்துப் பாருங்கள். திருப்பிக் கொடுக்க உங்களால் முடியாமல் போகலாம். அது பரவாயில்லை. அவர் முகத்தைப் பார்த்து, “ஓம், அது இருந்தது,” என்று சொன்னாலே பாதி வேலை முடிந்த மாதிரி.